நீ என்னை மறந்திருந்த மூன்று நாள்

அக்கா,

ரேஷன் அட்டையைத் தேடி பீரோவைக் கலைத்தபோது உன் எக்கோ ரிப்போர்ட் கையில் வந்தது. கறுப்புத் தாளில் வெள்ளை மூட்டமாக உன் இதயம். எனக்குப் படிக்கத் தெரியாத அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தலடியில் பாதி வரிசை வெட்டுவதற்குள் மூச்சு வாங்கி நீ உட்கார்ந்துவிட்ட வருஷம் அது. மதுரையில் வால்வு மாற்றினார்கள். மறுநாள் என்னை உள்ளே விட்டபோது, படுத்தபடியே கையை உயர்த்தி இல்லாத கொத்துகளை வெட்டிக்கொண்டிருந்தாய். கழுத்துக் குழாயையும் பிடுங்கப் பார்த்தாய்.

"இதயம் இன்னும் பலவீனமாத்தான் இருக்கு. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு இப்படிப் புத்தி தடுமாறும். பெரும்பாலும் தெளிஞ்சிரும்" என்றார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உன் கட்டிலருகே வந்தேன்.

"அக்கா, நாந்தேன்" என்றேன்.

"எந்தம்பிய எனக்குத் தெரியாதா? நீங்க யாரு?" என்று சீறினாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயா, அவன் வெளியதேன் நிப்பான். நான் சொல்லாம சாப்பிட மாட்டான். கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்க" என்றாய்.

உண்மையிலேயே முந்தின நாளிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை. கேன்டீனில் நாலு இட்லியைத் தொண்டையில் இறக்கிவிட்டு வந்து, "உங்க தம்பி சாப்பிட்டாகம்மா" என்றேன். குழாயைப் பற்றியிருந்த உன் விரல்கள் தளர்ந்தன. தூங்கிப்போனாய்.

மூன்று நாளும் உனக்கு நான் அந்நியன். மூன்று நாளும் வேளை தவறாமல் என்னைச் சாப்பிட வைத்தாய். இடம் மறந்து, பொழுது மறந்து, என் முகமும் மறந்த பிறகு என் பசி மட்டும் உனக்குள் எப்படி விழித்திருந்தது? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நாலாம் நாள் காலையில் கண் திறந்து, "ஏலே, என்ன இப்படித் தாடியும் மூஞ்சியுமா இருக்க?" என்றாய். நர்ஸ் முன்னாலேயே அழுதுவிட்டேன். சில மாதங்களில் இதயம் ரத்தத்தை நன்றாக இறைக்கத் தொடங்கியது. மறு அறுவடைக்குப் பந்தலடியில் நின்றாய். அதன் பிறகு எட்டு வருஷம் எங்களோடு இருந்தாய்.

அந்த மூன்று நாள் உனக்கு நினைவில்லை. கூச்சப்படுவாய் என்று நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அக்கா.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் பெரியகுளத்துக்காரனின் தகப்பனாருக்கு இதே ஆபரேஷன், இதே தடுமாற்றம். "அப்பாவுக்கு என்னையத் தெரியலண்ணே" என்று போனில் உடைந்தான்.

"நாந்தேன்னு மல்லுக்கட்டாத. பக்கத்துல உக்காந்து, உங்களுக்கு ஒரு மகன் இருக்கான்ல, அவன் எப்படின்னு கேளு" என்றேன்.

சாயங்காலம் கூப்பிட்டான். "ஒரு மணி நேரம் பேசினாகண்ணே, எங்கிட்டயே, என்னையப் பத்தி" என்றான்.