பூட்ஸைக் கழட்டச் சொன்னான்

செவ்வாய், இரவு

இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. என் கணவருடைய தம்பி நஸீர், சீகிரியா பார்க்க வந்த இரண்டு வெள்ளைக்காரர்களைத் த்ரீவீலரில் எங்கள் வயலுக்கே கூட்டிவந்துவிட்டான்.

"நானா, டிராக்டர மறைவா நிப்பாட்டுங்க. பழைய காலத்து விவசாயத்த போட்டோ எடுக்கத்தான் வந்திருக்காங்க. அந்த பூட்ஸையும் கழட்டுங்க" என்றான் அண்ணனிடம்.

போன போகத்தில் எலிக்காய்ச்சல் வந்து செத்துப் பிழைத்தவர் இவர். வெறுங்காலோடு சேற்றில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு வாங்கிய பூட்ஸ் அது.

"உங்க கால்ல கிடக்கிற சப்பாத்த கழட்டிட்டு நீங்க இறங்குங்க தம்பி" என்றேன். சிரித்தான். இவரோ தம்பி முகம் வாடக்கூடாதென்று பூட்ஸைக் கழட்டிவிட்டு இறங்கினார்.

குதிகாலில் ஒரு கீறல். இப்போது தூங்குகிறார். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

நாளைக்கும் ஆட்களைக் கூட்டிவருவானாம். வரட்டும். அந்தச் சப்பாத்தோடேயே அவனைச் சேற்றில் இறக்குகிறேன்.