ஓர் அங்குலம் நீட்டிப் பின்னு

லீட்ஸ்
27 பிப்ரவரி 1973, செவ்வாய்

என் கொக்கே,

நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. எனக்கு எழுத்து ஒழுங்காக வராது என்று உனக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் தையல் ஆலைக்குப் பொத்தான் துளை போடப் போனவள் நான். ஆனால் காலி நாற்காலியிடம் வாய்விட்டுப் பேசினால் பக்கத்து வீட்டு ஐவி பயந்துபோய்க் கதவைத் தட்டுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

இன்று நீ பீர் குடிக்கப் போகும் பப்பின் முதலாளி டின்ஸ்டேல் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மிஸஸ் ஓல்ராய்டு, உங்க வீட்டுக்காரர் ஆர்தரோட குவளை இன்னும் கொக்கியிலதான் தொங்குது. செத்தவரோட குவளையை வீட்டு ஆளுங்க வந்துதான் இறக்கணும். எங்க கடையில வேற யாரும் தொடமாட்டாங்க."

"தூக்கிக் குப்பையில போடுங்க."

"அது ஆகாதும்மா. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாங்க. வேற நாள் வேணாம்." இதைத் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை சொன்னார்.

மதுவைத் தொடுவதில்லை, அது விற்கிற வாசலை மிதிப்பதில்லை என்று நான் ஜெபிக்கப் போகும் சேப்பலில் கையெழுத்துப் போட்டவள் நான். முப்பத்து நான்கு வருஷமாக அந்த பப் இருக்கும் சந்துப் பக்கம் போனதில்லை. சனிக்கிழமை இரண்டு குவளை பீர், அதற்கு மேல் நீ குடித்ததில்லை. அதற்கே உன் கோட்டை நான் வெளியே மாட்டச் சொல்வேன்.

உன் கடைசிக் காலுறை ஊசியிலேயே நிற்கிறது. வருஷத்துக்கு ஆறு ஜோடி பின்னியும் உன் இழுப்பறையில் இரண்டுதான் இருக்கிறது. எங்கேதான் தொலைத்தாயோ. "ஓர் அங்குலம் நீட்டிப் பின்னுடி, கால் வீங்குது" என்பாய். உன் பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். அதே பழைய அளவுதான்.

உன் ஈடித்


8 மார்ச், வியாழன்

என் கொக்கே,

நேற்று சந்து முனைவரை போனேன். இரண்டு குடை சேர்ந்து போக முடியாத சந்து. உள்ளே யாரோ சிரித்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன்னைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டக் கதவுக்கு வெளியே நம் மகன் கென் நின்றிருந்தான். பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கசாப்புக்கடைக்காரன் மனைவி மோரீனை அவன் கூட்டிக்கொண்டு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் இந்தப் படி மிதிக்காதே" என்று நான்தான் சொன்னேன். அவன் பேரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று உன்னிடமும் சொன்னேன். நீயும் எடுக்கவில்லை. ஒரு தடவைகூட என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

ஈடித்


10 மார்ச், சனிக்கிழமை

என் கொக்கே,

போய்விட்டு வந்தேன்.

கதவைத் தள்ளியதும் பேச்சு நின்றுபோனது. பெஞ்சில் இருந்த கிழவர் ஒருவர், "அடடே, ஆர்தரோட சேப்பல்காரி வந்தாச்சு! பீரை மறைங்கடா!" என்றார்.

"வாயை மூடு ஆல்ஃப்" என்றார் டின்ஸ்டேல்.

எவ்வளவு தாழ்ந்த கூரை! கொக்கு மாதிரி உயரமான நீ எப்படித்தான் நிமிர்ந்தாயோ. உன் குவளை உத்தரத்தில் தூசியோடு தொங்கியது. பக்கத்துக் கொக்கி வெறுமையாக இருந்தது. அதில் தொங்க வேண்டிய குவளை மூலை மேஜையில், பாதி பீரோடு இருந்தது. அதன் பின்னால் இருந்தவன் எழுந்தான். உன்னைப் போலவே உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டான்.

கென்.

ஓடிவிடத்தான் நினைத்தேன். கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"அம்மா" என்றான். "ஒன்பது வருஷமா வாராவாரம் அப்பா எனக்கு எதிர்ல இந்த இடத்துலதான் உக்காருவார். நீ இங்க மட்டும் வரமாட்டேன்னு தெரியும்ல."

அவன் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கினான். சாம்பல் நிறக் காலுறை. மேலே, நான் எப்போதும் பின்னுகிற நீலக் கோடு.

"சாக்ஸ் பின்னி அனுப்பத் தெரியுது. அன்னிக்குக் கல்லறையில ஒரு தடவை திரும்பிப் பார்க்கத் தெரியலையா?"

கடை முழுக்க என் வாயையே பார்த்தது. நான் அனுப்பவில்லை என்று சொல்ல ஒரே நொடி போதும், கொக்கே. நான் பொய் சொல்லாதவள். ஊருக்கே தெரியும். டின்ஸ்டேல் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மழை. கண்ணு தெரியலை" என்றேன். பிறகு, "அளவு சரியா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். "நல்லா இருந்துச்சும்மா. நீ கேட்டதா சொல்லி, அப்பா வருஷாவருஷம் இந்த பெஞ்சுல வெச்சுக் காலை அளப்பார்."

நாற்காலிமேல் ஏறி உன் குவளையை என் கையால் இறக்கினேன். டின்ஸ்டேல் அதைக் கழுவி எலுமிச்சை சோடா ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். சேப்பலில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

எழும்போது, நாளைக்கு நாலு மணித் தேநீருக்கு வரச் சொன்னேன். மோரீனையும்தான். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "பாப்பாவையும் கூட்டிட்டு வர்றேன். ஆறு வயசாச்சு. அப்பாகிட்ட நீ சொல்லி அனுப்பின பேரைத்தான் வெச்சோம். எங்க பாட்டி வெச்ச பேருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. நாளைக்கு நீ வாசல்ல நின்னு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடணுமாம். வேற யார் கூப்பிட்டாலும் உள்ள வரமாட்டாளாம்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். யாரிடம் கேட்பேன்? கேட்டால் நீ ஒன்பது வருஷமாகப் பின்னியதெல்லாம் பிரிந்துவிடும். உன் கோட்டுப் பைகளைத் துழாவினேன். பைபிளைப் புரட்டினேன். மதியச் சோற்று டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தேன். எதிலும் அந்தப் பேர் இல்லை.

என் கொக்கே, அந்தக் குழந்தைக்கு நான் என்ன பேர் வைத்தேன்?

உன் ஈடித்