பட்டியலில் விட்டுப்போன வார்த்தை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பாவுக்குக் காது மட்டும் பழுதில்லை, அடுத்த அறையில் நான் மூக்கை உறிஞ்சினாலும் கேட்டுவிடும், அதனால்தான் கடிதம்.

நரம்பு நோய் அவர் கையையும் குரலையும் கொண்டுபோனது உனக்குத் தெரியும். காய்கறி மண்டியில் அவர் ஏலம் விட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும், இன்று வெறும் காற்றுதான் வருகிறது. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கருவி கொண்டுவந்து, தாடையிலும் தொண்டையிலும் பொட்டுப் போல ஏழு சென்சார் ஒட்டினாள். சத்தமே வேண்டாமாம், சொல்ல நினைத்து வாயை அசைத்தால் போதும், தசை அசைவதை வைத்தே கருவி அந்த வார்த்தையைப் பேசிவிடும். கல்யாணத்தன்று பவுடர்கூடப் பூசிக்கொள்ளாத மனுஷன் முகத்தைக் காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையையும் அறுபது முறை சொல்லிப் பழக்க வேண்டும். நம் ஏலக்காரர் எந்த வார்த்தையையும் மூன்று மூன்றாகத்தான் சொன்னார், ஏலத்தில் கூவுகிற மாதிரி ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வேண்டிய முப்பது வார்த்தையை எழுதித் தரச் சொன்னாள், நான்தான் எழுதினேன். தண்ணீர், வலி, ஃபேன், தலையணை, கொசு. கொசுவைக்கூட விடவில்லை. முதல்முதலாகக் கருவி தண்ணீர் என்று சொன்னபோது நான் நின்று அழுதேனே தவிர தண்ணீர் கொண்டுவரவில்லை, அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

அப்புறம் தினமும் நீ போன் செய்கிற நேரத்தில் எதையோ சொல்லப் பார்த்தார், கருவி வாயே திறக்கவில்லை. உதடு அசைவதும் சரியாகத் தெரியாததால் எனக்கும் பிடிபடவில்லை. கோளாறு பிடித்த கருவியைத் தலையில் கட்டிவிட்டாய் என்று அந்தப் பெண்ணிடம் சண்டைக்குப் போனேன். அவள் பார்த்துவிட்டு, மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா, ஐயா சொல்றது உங்க பட்டியல்லயே இல்லாத வார்த்தை என்றாள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஆமாம் என்றால் கண்ணை மூடுவார். போர்வையா, டாக்டரா, கதவா என்று கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் அவர் உன்னைக் கூப்பிடுகிற பேரைச் சொல்லி, நம்ம வாலுவா என்றேன். மூடிய கண்ணை அவர் வெகுநேரம் திறக்கவில்லை. வீட்டில் இருப்பதையெல்லாம் எழுதிய நான், வீட்டில் இல்லாத உன்னை எழுதாமல் விட்டுவிட்டேன்.

உடனே சேர்க்கப் பார்த்தோம். அதற்குள் தாடை தளர்ந்துவிட்டது, நாலு நாளில் இருபது முறைகூடத் தேறவில்லை. இனிமே புது வார்த்தை எதுவும் பழகாதும்மா என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இப்போது பழகிய தண்ணீர்கூடக் கருவிக்குத் தப்பிப்போகிறது. முதல் நாளே எழுதியிருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பார், அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை, மனசு விட்டுப்போய்விட்டது கண்ணு. அவரோ விடவில்லை. நேற்றும் சென்சாரை ஒட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். இரண்டு முறை தாடை அசைந்தது, மூன்றாவது வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். இதெல்லாம் தெரியும் என்று போனில் காட்டிக்கொள்ளாதே. அப்பாவின் ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே எழுதுகிறேன், நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே. இரண்டு தரம் சொல்லிவிட்டார், மூணாவது தரத்துக்குள் வந்துவிடு.

உன் அம்மா