பிடிக்கும், பிடிக்காது, தெரியாது

சித்தூர்
6-5-2001

அன்பு மகள் தரணிக்கு நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாம்பழ சீசன் தொடங்கிவிட்டது. பழக்கூழ் எடுக்கும் பல்ப் ஃபேக்டரி எடை மேடையில் நின்று நின்று நானும் பாதிப் பழமாகிவிட்டேன், ஈ மொய்க்கிறது.

உங்கள் கம்பெனிக்காக நீ தமிழில் எழுதிய ‘எந்த வேலை பிடிக்கும்’ கேள்வித்தாளை நம் தெருவில் பன்னிரண்டு பிள்ளைகளிடம் கொடுத்தேன். பத்தாவதில் இரண்டு முறை ஃபெயிலான என்னை எல்லோரும் “சார்” என்கிறார்கள்.

ஆனால் ‘வேலை’ என்று அச்சடித்ததைப் பார்த்ததும் சர்க்கார் அப்ளிகேஷன் என்று நினைத்துவிட்டார்கள். நூற்றிருபது கேள்விக்கும் ‘பிடிக்கும்’ என்றே டிக். கங்கம்மாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் மகள் போட்டோ இரண்டும் நீட்டினாள்.

“இன்னா வேலையா இருந்தாலும் எங்க கல்பனா செய்யும்ண்ணா. பிடிக்காதுன்னு எழுதினா பேரை அடிச்சிட மாட்டாங்க?”

‘தோட்டத்தில் வேலை செய்வது’ என்ற இடத்தில் கல்பனா நின்றுவிட்டாள். “யாரு தோட்டத்துல மாமா?” உங்கள் துரைகளைக் கேட்டு எழுது.

உன் தம்பி ஸ்ரீஹரியும் எழுதினான். கம்ப்யூட்டர் கேள்வி ஆறுக்கும் ‘பிடிக்கும்’. இன்ஜினியரிங் கவுன்சிலிங் போகிற பிள்ளை வேறென்ன எழுதுவான்! எல்லாத் தாளும் இத்துடன்.

உன் நைனா
கோவர்த்தனன்

சிகாகோ
20-5-2001

நைனாவுக்கு,

தாள்கள் கிடைத்தன. கல்பனா கேட்டது இங்கே யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்வியை மாற்றுகிறேன்.

ஸ்ரீஹரியின் தாளில் கம்ப்யூட்டர் கேள்வி ஆறிலும் ரப்பர் தேய்த்த தடம். புது டிக்குக்கு நீள வால். எடைச் சீட்டில் டிக் போடும் கையை எனக்குத் தெரியாதா? 1994-ல் என் எம்.சி.ஏ. அப்ளிகேஷனையும் அந்தக் கைதான் நிரப்பியது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அவனுக்காகத் திறக்கிறேன். இத்துடன் புதுத் தாள் வைத்திருக்கிறேன். அவனே எழுதட்டும்.

தரணி

சித்தூர்
4-6-2001

அன்பு மகள் தரணிக்கு,

மாட்டிக்கொண்டேன். அந்த ரப்பரும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. திருட்டுக்குக்கூடச் சொந்தமாக ஒரு சாமான் இல்லாதவன் உன் நைனா.

ஸ்ரீஹரியிடம் நானே சொன்னேன். கத்துவான் என்று பார்த்தால், “தெரியும் நைனா. நீ எப்பவும் அப்படித்தான” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். கத்தியிருந்தால் தேவலை.

புதுத் தாளைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன், இரண்டு டீ. திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் ஆறுக்கும் ‘பிடிக்காது’. மீதி நூற்றுப் பதினாலுக்கும் ‘தெரியாது’. முதல் தாளிலும் அப்படித்தானாம். நான் அழித்த ஆறைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

“இன்னாடா, ஒண்ணுகூடவா தெரியல?”

“இதுவரைக்கும் யாரு கேட்டாங்க? இப்பதான் யோசிச்சிக்கினு கீறேன்.”

கவுன்சிலிங்குக்கு அவன் போகப்போவதில்லை. ஒரு வருஷம் போனால் போகட்டும். உன் அம்மா மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை, தட்டு வைக்கும் சத்தம்தான் பேசுகிறது.

உங்கள் தாளில் இன்னொரு கட்டம் சேர்க்கச் சொல்: ‘யாரும் கேட்டதில்லை’. எங்கள் ஊர்ப் பக்கம் அதில்தான் டிக் நிறைய விழும்.

உன்னையும் நான் கேட்டதில்லையம்மா. ஏழு வருஷம் கழித்துக் கேட்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் வேலை உனக்குப் பிடித்திருக்கிறதா? அவசரமில்லை, யோசித்து எழுது.

நைனா