அவளுடைய லாக், என்னுடைய லாக்

ஜூன் 9, 2025, திங்கள்

ஆபீஸ் இருக்கும் தொழிற்பேட்டைக்குப் போகும் எஸ்டேட் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்று நடந்த நல்லது அது ஒன்றுதான்.

காலைக் கூட்டத்தில் எங்கள் முதலாளி நாகேந்திரன் சார் என்னைத் தாண்டி அவளைப் பார்த்துக் கேட்டார்: "மோகனப்பிரியா, லாகிங் விஷயத்துல நீ என்ன நினைக்கிற?"

லாகிங்! அந்த ஆபீசுக்கு அந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியதே நான்தான். ஒன்பது வருஷம் முன்பு நாங்கள் நாலே பேர். பள்ளி வேன்களுக்கான எங்கள் மென்பொருள் ஒவ்வொரு நொடியும் என்ன செய்கிறது என்று குறித்து வைக்க, தனியாக உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினேன். வேன் கதவு திறந்தால் ஒரு வரி. பிள்ளை அட்டையைத் தட்டிவிட்டு இறங்கினால் ஒரு வரி, நேரமும் நிறுத்தமும் சேர்த்து. எல்லோருக்கும் அது "ஷர்மி லாக்". என் பெயரில் இருப்பது அது மட்டும்தான். நாங்கள் இருக்கும் ஆவடி குவார்ட்டர்ஸ்கூட என் கணவர் தேவா பெயரில்தான் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமான அவள் சொல்கிறாள்: "அக்கா எழுதினது அப்போ நல்லாதான் இருந்திருக்கும் சார். இப்போ வெளியில இதுக்குன்னே ரெடிமேடா, ஃப்ரீயாவே நல்ல ஃப்ரேம்வொர்க் இருக்கு, ஊரே அதத்தான் யூஸ் பண்ணுது. மாத்திடலாம்."

அந்த "அப்போ" இன்னும் காதிலேயே நிற்கிறது.

ஜூன் 11, புதன்

அவள் வெள்ளானூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். வந்ததும் ஆபீசே திரும்பிப் பார்க்கிறது. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் வேம்புலி, ஒன்பது வருஷமாக எதைக் கேட்பதானாலும் என்னிடம்தான் வருவான். இன்று நேராக அவள் மேசைக்குப் போனான். இதில் அவளுக்கு முடி வேறு அவ்வளவு அடர்த்தி.

தேவாவிடம் புலம்பினேன். "உனக்கு எதுக்குடி இவ்ளோ காண்டு? வெறும் லாகுதானே?"

"உங்க ஃபேக்டரில நீங்க செஞ்ச மெஷினை ஒருத்தி வந்து கழட்டிப் போட்டா சும்மா இருப்பீங்களா?"

"வேலை மிச்சம்னு டீ குடிக்கப் போயிடுவேன்."

இந்த மனிதரிடம் போய்ச் சொன்னேனே.

ஜூன் 13, வெள்ளி

சார் முடிவு செய்துவிட்டார். இரண்டுக்கும் போட்டி. வேன்களிலிருந்து வரும் அதே தகவல் சோதனைக் கணினிக்கும் போகும். அங்கே அவள் சொல்கிற ஃப்ரேம்வொர்க்கும் என் லாகும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். எது வேகமோ அது.

"சீனியர் நீங்கதான் ஷர்மிளா. நீங்களே டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க."

"அக்கா பண்ணா கரெக்டா இருக்கும் சார்," என்றாள் அவள். நக்கலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ரெண்டு வண்டி ஒரே நேரத்துல எழுதுனா உங்க லாக்ல வரி கலந்துடுது. பாத்திருக்கீங்களா?"

"எப்பவோ ஒரு தடவை ஆகும்," என்றேன். எப்பவோ இல்லை. ஆறு வருஷமாக எனக்குத் தெரியும். வேன்கள் குறைவாக இருந்தபோது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 18, புதன்

சோதனை முடிந்தது. ஒரு நாள் தகவலை எழுத என் லாகுக்கு ஒன்பது நொடி. அவளுடையதற்கு நாற்பத்தொன்று!

ஒரு சின்ன விஷயம். எவ்வளவு எழுத வேண்டும் என்பதை இரண்டிலும் நாமே அமைக்கலாம். அவளுடையது ஒன்று விடாமல் எழுதி, திரையிலும் காட்டும்படி இருந்தது. என்னுடையது அவசியமானதை மட்டும் எழுதும்படி இருந்தது. சமமாக்க மறந்துவிட்டேன். ஏகப்பட்ட வேலை. மறதிதான்.

ஜூன் 20, வெள்ளி

கூட்டத்தில் எண்களைக் காட்டினேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "இவ்ளோ வராதேக்கா..." என்று இழுத்தாள். "நம்பர் பேசுதேம்மா," என்றார் சார். ஷர்மி லாக் தொடரும் என்று முடிவாகிவிட்டது. அவள் என்னிடம் வந்து கை கொடுத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

போகிற வழியில் பால்கோவா வாங்கினேன். தேவாதான் சாப்பிட்டார்.

ஜூன் 21, சனி

மறக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

சோதனைக் கணினியில் அவளுடையதை நிறுத்திவிடச் சொல்லி சார் பத்து நாளுக்கு முன்பே சொன்னார். இன்னும் நிறுத்தவில்லை.

ஏன்? தினமும் வந்ததும் அதைத் திறந்து பார்க்கிறேன். அவள் என்னென்ன எப்படி எழுதும்படி அமைத்திருக்கிறாள்! எந்த வேன், எந்த நிறுத்தம், எந்தப் பிள்ளை, எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு வரி இன்னொரு வரியைத் தொடுவதில்லை. அறுபது வேன் ஒரே நேரத்தில் எழுதினாலும் பதற்றமே இல்லை. பக்கத்தில் என்னுடையது, அவசரத்தில் மடித்த துணி மாதிரி. இருபது நிமிஷம் பார்த்து வயிறெரிந்துவிட்டு மூடுகிறேன். அப்புறம்தான் வேலை ஓடுகிறது. இது என்ன வியாதி?

ஜூலை 8, செவ்வாய்

அவர்கள் நிலத்தில் காய்த்த கத்திரிக்காய் என்று எல்லோருக்கும் ஒரு பை கொடுத்தாள். எனக்குப் பெரிய பை. நறுக்கும்போது தேடிப் பார்த்தேன். ஒரு புழுகூட இல்லை.

ஜூலை 24, வியாழன்

அவள் ஊர்த் திருவிழாவுக்காக நாலு நாள் லீவு. ஆபீசில் காற்றோட்டம் அதிகமானது போல் இருந்தது. மாலை ஐந்தரை வரை.

ஒரு பள்ளியிலிருந்து போன். இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை வீடு வந்து சேரவில்லை. வேம்புலி காதிலிருந்து போனை எடுக்கவே இல்லை. ஆறேகாலுக்குத்தான் கிடைத்தாள், பக்கத்துத் தெருத் தோழி வீட்டில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறாள். உயிர் வந்தது.

ஆனால் குழந்தையின் அம்மா, எங்கள் மென்பொருளிலிருந்து தன் போனுக்கு வந்த செய்தியைக் காட்டி, டிரைவர் அவளை வேலப்பன்சாவடியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார், யாரோதான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்கிறார்; பயந்துபோன குழந்தைக்குச் சொல்லத் தெரியவில்லை. டிரைவர் கோதண்டம், குத்தம்பாக்கத்தில் அவள் வழக்கமாக இறங்கும் இடத்தில்தான் இறக்கினேன் என்கிறார். எங்கள் லாகைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பள்ளி கேட்கிறது.

ஜூலை 25, வெள்ளி

வேம்புலி திரையைக் காட்டினான். "இன்னாக்கா இது? ரெண்டு வண்டியும் ஒரே லைன்ல கீது?"

குழந்தையின் பெயர் இருக்கிறது. நேரம் பாதி இருக்கிறது. நிறுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு வேனின் "வேலப்பன்சாவடி" வந்து உட்கார்ந்திருக்கிறது. வரி கலந்துவிட்டது. பள்ளிக்கு அதைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

மதியம் கோதண்டம் நேரில் வந்தார். வேலைக்கு வர வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். ஐம்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "பதினாறு வருசமா வண்டி ஓட்டிகினு கீறேன் மேடம். ஒரு கொயந்தையக் கூட மாத்தி எறக்குனது இல்ல. உங்க கம்ப்யூட்டர் இன்னாத்துக்கு மேடம் பொய் சொல்லுது?"

தண்ணீர் கொண்டுவரப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

சோதனைக் கணினியில் அவளுடையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றைய வரியும் அதில் இருக்கும். திறக்கவில்லை. திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டும். சொன்னால், நிறுத்தச் சொன்னதை ஏன் நிறுத்தவில்லை என்பார் சார். பிறகு அமைப்பைப் பார்ப்பார். நாற்பத்தொன்று எப்படி வந்தது என்று கேட்பார். ஐயோ. எனக்கு இது தேவையா? யாருக்கும் தெரியாதே. அவளுக்கே அது ஓடுவது தெரியாது.

அந்த மனுஷன் கடைசிவரை உட்காரவே இல்லையே.

ஜூலை 26, சனி

விடுமுறை நாளில் ஆபீஸ் போனேன். திறந்தேன்.

நாலு பதினெட்டு. குழந்தையின் பெயர். குத்தம்பாக்கம். கதவு மூடியது. தெளிவாக, அழகாக, கலக்காமல்.

பாழாய்ப் போன மனசு அப்போதும் பொறாமைதான் பட்டது. அதைத் துடைத்துவிட்டு நாகேந்திரன் சாருக்கு எழுதினேன். அந்த வரியையும், வேலப்பன்சாவடி வந்தது என் லாகின் பிழையால்தான் என்பதையும், அது எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும் என்பதையும், ஜூன் சோதனையில் அமைப்பை வேண்டுமென்றே அப்படி விட்டேன் என்பதையும். மோகனப்பிரியாவுக்கும் ஒரு பிரதி. அனுப்பும் முன் "வேண்டுமென்றே" என்ற சொல்லை இரண்டு தடவை எடுத்தேன், மூன்றாவது தடவை விட்டுவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

கோதண்டம் இன்று வேன் எடுத்துவிட்டார். அந்த அம்மாவும் வருத்தம் தெரிவித்தாராம்.

சார் கத்தவில்லை. "நான் உங்கள நம்புனேன் ஷர்மிளா," என்றார். கத்தியிருக்கலாம். ஷர்மி லாகை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும், பொறுப்பு மோகனப்பிரியா. மென்பொருளில் ஷர்மி லாக் வரும் முந்நூறு இடங்களை மாற்ற வேண்டியது நான். நான் மாற்றியதை அவள் சரிபார்ப்பாள்.

ஜூலை 30, புதன்

அவள் இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள்: "என்னோடத ஏன் ஆஃப் பண்ணல?"

"தினமும் பாப்பேன். வயித்தெரிச்சல்ல," என்றேன்.

கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நாப்பத்தொண்ணு வராதுன்னு அன்னிக்கே தெரியும்கா. நானே ஒரு தடவ ஓட்டிப் பாத்திருக்கலாம். நீங்க பண்ணீங்கன்னுதான் விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். அறைந்திருந்தால்கூட இவ்வளவு நேரம் வலித்திருக்காது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முந்நூறாவது இடத்தையும் இன்று மாற்றினேன். என் பழைய நிரலை நானே நீக்கினேன். ஆயிரத்து நானூறு வரி. போக ஒரு நொடிகூட ஆகவில்லை.

மாலையில் அவள் சரிபார்த்து அனுப்பினாள். பதினோரு பிழை. பொறுமையாகப் பார்த்தேன். முதல் பத்தும் பிழைதான், நானே தலையில் அடித்துக்கொண்டேன். பதினொன்றாவது பிழை இல்லை. எழுந்து அவள் மேசைக்குப் போய் ஏன் அப்படி எழுதினேன் என்று சொன்னேன். திரையை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஆமால்ல, நான்தான் தப்பா பாத்துட்டேன்," என்று அந்தக் குறிப்பை அழித்தாள்.

பஸ் ஆவடி வந்து சேரும்வரை எனக்குள் சிரிப்பு அடங்கவில்லை. பதினொன்றில் ஒன்று. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று.