காந்தம் ஆட்டிய கால்

என் செல்ல வாலுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலையைத் துவட்டாமல் வேலைக்கு ஓடாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தினமும் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது, நான் வாயைத் திறந்தால் அவர் காதில் விழும். அதனால் நம் தையல் கடைக்கு வந்து, வெட்டுமேசையில் துணியை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் அப்பா கால் விரலை அசைத்துவிட்டார் என்று உன்னிடம் குதித்தேனே, அது அவர் அசைத்ததில்லை. கடை ஏணியிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டு எட்டு மாதமாகிறதா, இப்போது காந்த சிகிச்சை கொடுக்கிறார்கள். தலைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு வளையத்தை வைப்பார்கள், கேஸ் லைட்டர் மாதிரி டக் டக்கென்று சத்தம் வரும், ஒவ்வொரு டக்குக்கும் வலது கால் கட்டைவிரல் துள்ளும். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னிடம் சொன்னேன், பெரியப்பாவிடம் சொன்னேன், பெரியப்பாவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதானே. உன் வீட்டுக்காரர் எழுந்து நடக்கிறாராமே என்று ஆளாளுக்குப் போன். பிசியோதெரபி செய்யும் பெண்தான், ஆன்ட்டி, அது காந்தம் ஆட்டினது, நரம்பு முழுசா அறுந்து போகலைன்னு மட்டும்தான் அதுல தெரியுது, பயிற்சியும் சேர்ந்தா அவராவே அசைக்கிறது வரலாம், வராமலும் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். அப்பா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. படுத்துக் கிடக்கிறவனை நடக்க வச்சுட்டியே என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எனக்குச் செத்துப் போகலாம் போலிருந்தது.

காந்தம் வைக்கிற அறைக்குள் இரும்பே ஆகாது. அப்பாவோ சட்டைக் காலரில் ஊசி குத்தி வைக்கிறவர், முதல் வாரத்திலேயே மூன்று ஊசியைப் பிடுங்கினாள் அந்தப் பெண், இப்போது இவரை வாசலிலேயே தடவிப் பார்த்துதான் உள்ளே விடுகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை காந்தம் வைத்து முடித்து, வளையத்தை எடுத்துத் தாங்கியில் மாட்டியாகிவிட்டது. காலில் ஒயர் ஒட்டி, பாதத்தை அழுத்துங்க அங்கிள் என்கிறாள். இவர் முகம் சிவக்க முக்குகிறார், தசை அசைந்தால் எழும்ப வேண்டிய கோடு திரையில் படுத்தே கிடக்கிறது. வெளியே வராந்தாவில் நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். கதவு இடுக்கில் பார்த்துவிட்டார். இடது கையை வலது பக்கம் வச்சுத் தைக்கிறியே, உனக்குக் கண்ணு எங்க இருக்கு என்று கத்தி, இல்லாத தையல் மெஷினில் இல்லாத துணியை இரண்டு கையாலும் தள்ளினார் பார், திரையில் கோடு எழும்பியது. அந்தப் பெண் திரைப்பக்கம் குனிந்தாள். அங்கிள், தையுங்க, நிறுத்தாம தையுங்க என்றாள். பெடலை மிதிக்கிற மாதிரி கட்டைவிரல் கீழே போனது. நக அளவுதான். இரண்டு முறை வந்தது, மூன்றாவது முறை வரவில்லை. நான் ஊசியை வெளியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். நடப்பாரா என்றால் டாக்டர் இப்போது எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். பரவாயில்லை, எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அப்பா என் கையைப் பிடித்து, இதை யாருகிட்டயும் மூச்சு விடாதே, பத்து நாள் விடாம வரட்டும், இந்தத் தடவை பிள்ளைகிட்ட நானே சொல்றேன் என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நேற்று நீ சொன்னாயே, அதற்கப்புறம் என்னால் அடக்க முடியவில்லை. அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதே. லீவு போட்டு வா, போதும். நோயாளிக்குத் துணை என்று வராமல், மகளாக வந்து நாலு நாள் சண்டை போட்டுவிட்டுப் போ.

மறக்காமல் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஒருநாள் அப்பா தானாகப் போனை எடுத்து உன்னைக் கூப்பிடுவார், தொண்டையைச் செருமுவார், சுற்றி வளைப்பார். குறுக்கே பேசாதே. ஒன்றும் தெரியாதவளாக, முதல் முறை கேட்கிறவளாகக் கேள். அழுகை வந்தால் மட்டும் அடக்காதே, அது பொய்யாக இருக்காது.

உன் ஓட்டைவாய் அம்மா