ஒரு சாண் பிசகு

என் உயிர் மாப்ள சுடலை,

நீ போன பிறகு படித்துறைக்கு நான் தனியாகத்தான் வருகிறேன். காலை எட்டு மணிக்கு அளவுப்பலகையைப் பார்த்து, ஆற்றில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று நோட்டில் எழுதுகிறேன். மேலப்பாளையத்தில் பஸ் ஏறினால் இன்னமும் உனக்கு ஜன்னலோரம் இடம் போட்டுவிட்டு முழிக்கிறேன். இருபது வருடப் பழக்கம், எப்படி விடும்?

ஒரு செய்தி சொல்ல வேண்டும். நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

பெருவெள்ளம் நம் பழைய பலகையை அடித்துக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா? புதுசு நடும் முறை நம் இரண்டு பேருக்கும் தெரியும். படிக்கல்லில் உளியால் கொத்திய குறியைத் தேடி, அதிலிருந்து அளந்து நட வேண்டும். குறி மணலுக்குள் கிடந்தது.

"மணல அள்ளிட்டு நாளைக்கு நடுவோம் வே" என்றாய்.

நான்தான் கேட்கவில்லை. மறுநாள் என் மகளுக்கு நிச்சயம். "படித்துறை மண்டபச் சுவத்துல பழைய பாசிக்கறை தெரியுதுல்லா, அது எத்தனை அடின்னு எனக்கு மனப்பாடம்லே" என்று சொல்லி, அந்தக் கறையை வைத்தே நட்டுவிட்டேன். பேராசை இல்லை, சோம்பலும் இல்லை. அவசரம், கொஞ்சம் திமிர்.

போன வாரம் தண்ணீர் வற்றியதும் படித்துறையில் மணலை அள்ளினார்கள். குறி வெளியே வந்தது. அளந்து பார்த்தேன். பலகை ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது மாப்ள. நான் பார்த்தது பழைய கறை இல்லை; அதற்கு ஒரு சாண் மேலே, வெள்ளம் வடிந்தபோது விட்டுப்போன புதுக்கறை. அன்றிலிருந்து பலகை ஆற்றை ஒரு சாண் குறைத்தே சொல்லியிருக்கிறது.

நீ போன அன்று காலையிலும் அப்படித்தான் சொன்னது. மணிமுத்தாறு பக்கம் நல்ல மழை. ஓட்டத்தின் வேகத்தை அளக்க நீ மீட்டரோடு இறங்கினாய். தண்ணீர் பலகையின் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆற்றில் இறங்கக் கூடாது, பாலத்தில் நின்றுதான் அளக்க வேண்டும் என்பது விதி. முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தாய்.

"இழுப்பு சரியில்லலே."

"கோட்டுக்கு ஒரு சாண் கீழதான் வே நிக்கி. பைய இறங்கு."

உன் கால் சொன்னதை நான் நம்பவில்லை. பலகையை நம்பினேன். ஏன் மாப்ள நீயும் என் பேச்சைக் கேட்டாய்?

புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் பிள்ளையிடம் பிசகைச் சொன்னேன். "எல்லா அளவோடயும் ஒரு சாணக் கூட்டிருவோம் அண்ணாச்சி, சரியாயிரும்" என்றாள். உட்கார்ந்து கூட்டினோம். ஆறு உன்னைக் கொண்டுபோன நாளின் வரியும் வந்தது. கூட்டியதும் தண்ணீர் சரியாகச் சிவப்புக் கோட்டில் நின்றது. அதைத் திருத்தி என்ன ஆகப்போகிறது?

உன் வீட்டுக்காரி இசக்கி என்னைக் கண்டால் இப்போதும் காப்பி போட்டுத் தருகிறாள். "ஆத்தப் போயி என்னன்னு குத்தம் சொல்ல அண்ணே? அவுக விதி" என்கிறாள். இனி அந்தக் காப்பியை எப்படி வாங்கிக் குடிப்பேன்?

திருத்தப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வெள்ளம் என்று போட்டால் போதும் என்றாள் அந்தப் பிள்ளை. நான் என் பெயரை எழுதினேன்.

நாளைக் காலை அளவெடுத்த கையோடு உன் வீட்டுக்குப் போகிறேன். நடந்ததை ஒரு சாண்கூடக் குறைக்காமல் அவளிடம் சொல்வேன். இது சத்தியம்.

உன் மாப்ள,
இசக்கிக்கு நாளைக் காலை வரை அண்ணன்,
காதர்